திம்பத்துக்கு மேலே

பண்ணாரியில் பேருந்து ஏறும்போது நனைந்த சட்டை, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகும்போது காய்ந்திருக்கும். காற்றே வேறு. அப்பாவுக்கு ஆசனூர்ப் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்ததால் அந்தக் காற்றில் வளரும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

அன்றைய காடு திறந்து கிடந்தது. வெக்காலி, வேங்கை, நெல்லி மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் இடுப்பளவு புல். மான் கூட்டம் மேய்வதை ரோட்டில் நின்றே பார்க்கலாம். மழை முடிந்து பனி இறங்கினால் நெல்லிக்காய்க் காலம். சோளகர் பழங்குடியினரின் ஊரான தொட்டியிலிருந்து பெண்கள் விடியலில் கிளம்பி மூட்டையோடு திரும்புவார்கள். குட்டை ஈச்சையின் ஓலையை அறுத்து வாசலில் உலர்த்திச் சீமாறு கட்டுவார்கள். தேன், கடுக்காய், பூச்சக்காய் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை இருந்தது. நெல்லி பறிக்கும்போது கிளையில் புல்லுருவி கண்டால் அதையும் ஒடித்துப் போட்டுவிட்டு வருவார்கள். யாரும் சொல்லி அல்ல.

எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவரும் தாத்தா திண்ணையில் உட்கார்ந்தால் காட்டுப் பேச்சுதான். தன் சிறுவயதில் பெரியவர்கள் தை மாதத்திலேயே சருகுக்குத் தீ வைப்பார்கள் என்பார். அடிமண்ணில் ஈரம் இருக்கும். தீ கணுக்காலுக்கு மேல் எழாது. உண்ணிச்செடியின் கன்றுகள் கருகும், பெருமரம் தாங்கும், முதல் மழைக்குப் புல் பொங்கி வரும். "பங்குனி வரைக்கும் விட்டுப்போட்டா அது வேற நெருப்பு கண்ணு. மரத்தையே தின்னுபோடும்" என்பார். காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டப்படியே குற்றம். அவர் பேசியதெல்லாம் ஏற்கெனவே நின்றுபோயிருந்த ஒரு வழக்கத்தைப் பற்றி.

பல வருடம் கழித்துப் போனபோது காட்டுக்குள் பார்வை நுழையவில்லை. ரோட்டின் இருபுறமும் உண்ணிச்செடி, ஆள் உயரத்துக்கு மேல். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பூச்செடி. ஆடுமாடு தின்னாது. பழத்தைத் தின்னும் சின்னான் குருவி விதையை எங்கும் போட்டுவிடும். கோடையில் காய்ந்தால் அது மரத்துக்குச் சாத்திவைத்த ஏணி: தரையோடு போயிருக்க வேண்டிய தீ அதன்மேல் ஏறித்தான் உச்சிக்கிளையைத் தொடுகிறது. எரிந்து முடிந்த இடத்தில் முதலில் துளிர்ப்பதும் அதுவே. வேங்கைக் கன்றுக்கு வெயிலும் இல்லை, இடமும் இல்லை. கரிந்த அடிமரங்களுக்கு நடுவே நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மலையான பிளிகிரிரங்கன் மலையில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1974இல் அது சரணாலயமானது. எரிப்பதும் காடு மாற்றி விதைப்பதும் நின்றன. 2006இல் விற்பனைக்காக நெல்லி, தேன் எடுப்பதும் தடைசெய்யப்பட்டது. தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடியும் புல்லுருவியும் பெருகின என்று அங்குள்ள சோளகர்கள் இன்றும் சொல்கிறார்கள். வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. எங்கள் பக்கத்துச் சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகம் ஆனது.

தாத்தா சொன்னபடி இப்போது நெருப்பு வைக்க முடியாது. அவ்வளவு உண்ணிச்செடி நிற்கும்போது தை நெருப்பும் பங்குனி நெருப்பாகிவிடும். முதலில் வெட்ட வேண்டும். அரிவாளால் மேலே வெட்டினால் பத்து கிளையாக வரும். மண்ணுக்குச் சற்றுக் கீழே தாய்வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அடுத்தடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி, அந்த மண்ணின் புல்லையே விதைக்க வேண்டும். வருடக்கணக்கில் கை வேண்டும்.

வெட்டியதற்கும் விலை உண்டு. மாதேஸ்வரன் மலையில் அந்தக் குச்சியைக் கொண்டு சோளகர்கள் நாற்காலி, மேசை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகியோர் குச்சியை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டி யானைகள் செய்கிறார்கள். தங்கள் மலையில் நடமாடும் அசல் யானைகளைப் பார்த்தே ஒவ்வொன்றையும் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்கா போயின. காட்டை மூச்சுமுட்ட வைத்த செடியிலிருந்து ஒரு குடும்பத்துக்குக் கூலி வருவதைவிட நல்ல செய்தி இந்த மலைகளிலிருந்து எனக்கு வந்ததில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. உண்ணிச்செடியை எடுக்க மட்டும் தொட்டிக்காரர்களைக் கூப்பிட்டு, நெல்லி காய்க்கும்போது அவர்களைத் தடுத்தால் அது அநியாயம். வனத்துறைக்கு என் வேண்டுகோள் இது: எந்திரத்தை அனுப்புமுன் தொட்டிக்குப் போங்கள். ஒரு கோடைக்கு அல்ல, புல் திரும்பி நிலைக்கும்வரை கூலி கொடுங்கள். புல் வந்தபின் எங்கே, எப்போது நெருப்பு வைக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் அங்குள்ள பெரியவர்களையும் உட்காரவையுங்கள். அதைத் தெரிந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.