ஆறு தந்திகளும் என் இடது கையும்

எங்களுடைய கைகள் சும்மா இருந்த கைகள் அல்ல. பதுங்குகுழி வெட்டிய கைகள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கைகள், முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் சுமந்த கைகள். ஊர் திரும்பிய பிறகும் தையல், கோழி வளர்ப்பு, தோட்டம், கூலி வேலை என்று ஓய்வு காணாத கைகள். இந்தக் கைகளுக்கு, காசு தராத, யாரும் கேட்காத ஒரு வேலையைப் பழக்கலாமா? 47 வயதில் நான் கிற்றார் பழகத் தொடங்கியபோது பலரும் கேட்டது இதைத்தான். அதற்கு நான் கண்ட பதிலைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கிற்றார் என்றதும் கோயில் பாடகர் குழுவிலும் கலியாண வீட்டு இசைக்குழுவிலும் இளைஞர்கள் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பதுதான் நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் உலோகத் தந்தி பூட்டியவை. நான் பழகுவது கிளாசிக்கல் கிற்றார். கதிரையில் இருந்துகொண்டு, மின்சாரமும் ஒலிபெருக்கியும் இல்லாமல், வலது கை விரல்களால் ஒவ்வொரு தந்தியாக மீட்டுவது. ஸ்பெயின் நாட்டில் தச்சு வேலை பழகி வந்த அந்தோனியோ தே தோரெஸ் (1817-1892) என்பவரே இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். சத்தம் சிறியது. பிள்ளைகள் நித்திரை கொள்ளும்போது அடுத்த அறையில் இருந்து வாசிக்கலாம்.

இதன் தந்திக்குப் பின்னாலும் ஒரு யுத்தக் கதை உண்டு. முற்காலத்தில் ஆட்டுக் குடலை முறுக்கித் தந்தி செய்தார்கள். பழந்தமிழில் யாழின் தந்தியை 'நரம்பு' என்றே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது காயங்களைத் தைப்பதற்குக் குடல் நூல் தேவைப்பட்டதால் வாத்தியங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போதுதான் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் என்பவர் நைலோனில் தந்தி செய்து பார்த்தார். புகழ்பெற்ற ஸ்பானிய வாத்தியக்காரர் அந்திரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இன்று மெல்லிய மூன்று தந்திகளும் எங்கள் கரையோரங்களில் காணும் தங்கூசி போன்ற நைலோன்தான். தடித்த மூன்றும் நைலோன் இழைகளின் மேல் உலோகக் கம்பி சுற்றியவை.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் ஷெல் துண்டு பட்டதில் எனது இடது கைச் சின்னவிரல் மடங்காமல் போய்விட்டது. கிற்றாரில் தந்தியை அழுத்துவது இடது கை. அக்காவின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற கிற்றார் ஒன்று வீட்டில் இருந்தாலும், இந்த விரலை நினைத்தே நான் அதைத் தொடவில்லை. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற இசை ஆசிரியையான கன்னியாஸ்திரி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“சிஸ்டர், இந்தச் சின்னவிரல் மடங்காது. எனக்குச் சரிவருமே?”

அவர் என் கையை வாங்கி விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். “மற்ற மூண்டும் மடங்குதுதானே பிள்ளை. தொடங்கிறதுக்கு அது காணும்” என்றார்.

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அல்ல. முதலில் பழகும் சுரவரிசை டோ, ரே, மி, ஃபா என்று போவது. எங்கள் சங்கராபரணத்தின் சுரங்களும் இவையே. அந்த எட்டுச் சுரங்களில் மூன்றைத் தந்தியை அழுத்தாமலே மீட்டலாம். மற்ற ஐந்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் போதும். சின்னவிரல் தேவைப்படும் இடங்கள் பிறகு வந்தன. அங்கே மோதிரவிரலை ஒரு மெட்டுத் தள்ளி வைக்கச் சிஸ்டர் பழக்கினார். கொஞ்சம் தாமதமாகத்தான் விரல் போய்ச் சேரும். ஆனால் சேரும். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்பவருக்கு 1928இல் தீ விபத்தில் இடது கை விரல்கள் இரண்டு பெரிதும் செயலிழந்தன. அவர் வாசித்தது ஜாஸ் இசை. மிகுதி விரல்களை வைத்தே அதில் உலகப் புகழ் பெற்றார் என்று சிஸ்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

இனித் தொடங்கும் முறையைச் சொல்கிறேன். கைப்பிடி இல்லாத கதிரையின் முன்பாதியில் நிமிர்ந்து இருக்க வேண்டும். இடது பாதத்தைச் சுமார் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் வைக்க வேண்டும். இதற்கெனக் கடையில் பாதக்கட்டை உண்டு. நான் இரண்டு செங்கல்லை அடுக்கி மேலே சாக்குத் துண்டு போட்டிருக்கிறேன். கிற்றாரின் இடுப்பு வளைவு இடது தொடையில் இருக்கும். கழுத்துப் பக்கம் சற்று மேலே பார்க்கும். காப்பு, வளையல்களைக் கழற்றிவிட்டால் பலகையில் கீறல் விழாது. இடது கை நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். வலது கை நகம் விரல்நுனிக்கு மேலே சிறிது வளரலாம்.

முதல் இரண்டு கிழமையும் சிஸ்டர் இடது கையைத் தொடவே விடவில்லை. வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி, இரண்டு கால்போல, ஒரே தந்தியில் நடக்க வேண்டும். பெருவிரல் தடித்த தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகுதான் இடது கை. வீணையில் இருப்பதுபோலக் கிற்றாரிலும் மெட்டுகள் உண்டு. மெட்டின் மேல் அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் விரல்நுனியை வைத்தால் குறைந்த அழுத்தத்திலேயே சுரம் தெளிவாக வரும். “பாத்திரம் மினுக்கிற மாதிரி அமத்தாதேங்கோ பிள்ளை” என்று சிஸ்டர் அடிக்கடி சொல்வார். விரல்நுனி சில கிழமைகள் நோகும், பிறகு தோல் தடித்துவிடும். நோவு மணிக்கட்டில் அல்லது தோளில் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, இருக்கும் முறையைச் சரிபார்க்க வேண்டும்.

சுருதி சேர்ப்பது தனிப் பாடம். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்று வரும். ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் வரும் சுரமும் ஐந்தாம் தந்தியின் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த தந்திகளும் இப்படியே. மூன்றாம் தந்தியை மட்டும் நான்காம் மெட்டில் அழுத்தி இரண்டாம் தந்தியைச் சேர்க்க வேண்டும். கைத்தொலைபேசியிலும் இதற்குச் செயலி உண்டு. ஆனால் காதால் பழகும்படி சிஸ்டர் சொன்னார். இரண்டு தந்திகளும் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுதாகச் சேராதபோது சத்தம் அலைபோல ஆடும். நெருங்க நெருங்க ஆட்டம் மெதுவாகும். சேர்ந்ததும் நின்றுவிடும்.

இது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. எந்த ஷெல் எந்தப் பக்கம் போகிறது, எது கிட்ட விழும் என்று கேட்டுக் கேட்டே பழகிய காது என்னுடையது. பலத்த சத்தம் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு திடுக்கிடும். அதே காது ஒரு சிறிய ஆட்டம் அடங்குவதற்காகக் காத்திருக்கப் பழகியது. கிற்றார் என் பயத்தை மாற்றிவிட்டது என்று சொல்லமாட்டேன். நித்திரை வராத இரவுகள் இப்போதும் உண்டு. ஆனால் சத்தம் என்றால் ஓடுவதற்கு மட்டும் உரியதல்ல என்பதை நாளுக்கு 15 நிமிடம் என் காது அறிகிறது.

வாசிப்பதற்கு எளிய பாடங்கள் நிறைய உண்டு. இத்தாலியரான மௌரோ ஜூலியானி 1812இல் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகளுக்கு இடது கை இரண்டே இரண்டு சுரக்கூட்டுகளைப் பிடித்தால் போதும். எனக்குப் பிடித்தவர் பெர்னாந்தோ சோர் (1778-1839). ஸ்பெயினில் பிரெஞ்சு ஆட்சியில் பதவி ஏற்றிருந்ததால், அந்த ஆட்சி விழுந்த 1813இல் நாட்டை விட்டுப் போனவர். பிறகு சொந்த நாடு திரும்பவே இல்லை. பாரிஸ், லண்டன், மொஸ்கோ என்று அலைந்து மீண்டும் பாரிஸில் குடியிருந்த கடைசிக் காலத்தில், தொடக்கநிலை மாணவர்களுக்காக 25 சிறு பாடங்களை எழுதினார். அவற்றில் முதலாவது ஒவ்வொரு சுரமாக நடப்பது. இரண்டு மாதத்தில் அதைத் தடக்குப்படாமல் வாசித்தேன். இடம்பெயர்ந்த ஒருவர் எழுதியதை இடம்பெயர்ந்த இன்னொருத்தி வாசிக்கிறேன் என்ற எண்ணம் வந்தது.

“இது பொடியளின்ர சாமான் எல்லே?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் கிற்றார் கற்பித்துப் பாடநூல்களும் எழுதிய கத்தரீனா பிரற்றன், ஆர்ஜென்ரீனாவின் மரியா லூயிசா அனீதோ, பிரான்சின் ஈடா பிரெஸ்தி எல்லோரும் பெண்கள்தான் என்று சொன்னேன். “சரி, ஆனால் இதால என்ன வருமானம்?” என்றார். வருமானம் இல்லை. நான் தைப்பது வீட்டுக்கு, தோட்டம் பிள்ளைகளுக்கு, சங்கக் கூட்டம் ஊருக்கு. இந்த 15 நிமிடம் எனக்கு. அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்தது.

பழைய கிற்றார் வாங்குவோர் கழுத்து வளைந்திருக்கிறதா, கீழே தந்தி கட்டும் குதிரை பலகையை விட்டுக் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நைலோன் தந்திக்குச் செய்த கிற்றாரில் உலோகத் தந்தி பூட்டக் கூடாது. இழுவை தாங்காமல் குதிரை பெயர்ந்துவிடும். தகரக் கூரைக்குக் கிட்டவோ வெயிலிலோ வைக்க வேண்டாம்.

எல்லோரும் வாங்க வேண்டும் என்றும் இல்லை. இப்போது எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பெண்கள் பழகுகிறார்கள். ஒருவர் கணவரைத் தேடி இன்றைக்கும் பதாகை பிடிக்கிறவர். அவர் வரும் நாட்களில் கதை குறைவு. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கும். கிற்றார் ஒன்று, நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு 15 நிமிடம். உங்கள் ஊரிலும் யாரோ ஒருவரின் வீட்டு மூலையில் ஒரு கிற்றார் தூசி பிடித்துக் கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள்.