மலைக்குப் போகாத மலை சைக்கிள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மெயின் ரோட்டில் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு போன் பேசி முடிப்பதற்குள் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்துவிடும். ஆனால் அது திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. பஞ்சு லாரி, ஆம்னி பஸ், சாரல் சீசனில் குற்றாலத்துக்கும் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கும் பறக்கிற வேன்கள். சைக்கிள்காரருக்கு அங்கே மிச்சமிருப்பது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் மண்தான்.

அந்த ஒரு முழ மண்ணில்தான் ராஜபாளையத்துக்காரர் ஒருவர் தன் 63 வயதில் கியர் சைக்கிள் பழகினார்.

நூற்பாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் கறுப்புச் சைக்கிளை மில் ஸ்டாண்டில் நிறுத்திப் பழகிய தலைமுறை. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா முதல் மில்லைத் தொடங்கியதிலிருந்து, அந்த ஊரில் சங்கும் சைக்கிளும் சேர்ந்தே வளர்ந்தவை. கியர் சைக்கிள் மட்டும் அவருடையது இல்லை. பெங்களூருவில் இருக்கும் மகன் லாக்டவுனில் ஆசையாக வாங்கி, நாலு மாதம் ஓட்டிவிட்டு, வீடு மாற்றும்போது ஊருக்கு அனுப்பி வைத்தது. தடித்த டயர், 21 கியர், முன்னால் ஷாக் அப்சார்பர். வந்த புதிதில் அது திண்ணையில் துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது.

பிறகு சுகர் வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தால் கால் வலி தெரியவில்லை என்பதை அவரே கண்டுபிடித்துக்கொண்டு, விடிகாலையில் மெயின் ரோட்டில் போய் வர ஆரம்பித்தார். விஷயம் பெங்களூருக்குப் போய்விட்டது.

“அப்பா, வேணும்னா வீட்டுக்குள்ளயே மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கித் தர்றேன். தயவுசெஞ்சு ஹைவே பக்கம் போகாதீங்க.”

மகனைக் குறை சொல்ல முடியாது. அதே ரோட்டில் டூவீலரில் போன மில் நண்பர் ஒருவர் வீடு திரும்பவே இல்லை. மனைவியும் மகன் கட்சி. “ஏங்க, அவன் சொல்றது சரிதானே?” என்றதோடு நிற்காமல், சைக்கிள் பூட்டுச் சாவியைப் பருப்பு டப்பாவுக்குள் ஒளித்தும் வைத்தார்.

சாவியைத் திரும்ப வாங்க ஒரே வழி, ஹைவே இல்லாத பாதையைக் கண்டுபிடிப்பது. அது அவருக்குத் தெரிந்த பாதைதான். சின்ன வயதில் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே, அப்பாவின் மாட்டுவண்டியில் உட்கார்ந்து போன பாதை. முடங்கியார் ரோட்டில் மேற்கே போய், தோப்புகளுக்கு நடுவே வடக்கே திரும்பி, மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். நாலைந்து கிலோமீட்டர் சுற்றுதான். ஆனால் இடது கைப் பக்கம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும்.

இந்த அடிவாரத்தில் சைக்கிள் விட ஆசைப்படுகிறவர்கள் முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையை ஒட்டிச் செவல் மண். மழை பெய்த மறுநாளே ஓட்டலாம், டயர் அமுங்கி நிதானமாகப் போகும். கிழக்கே போகப் போகக் கரிசல். அதில் ஈரம் பட்டால் களிம்பு மாதிரி டயரில் அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்று நின்றுவிடும். அப்புறம் குச்சியை வைத்துச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கண்மாய்க் கரைதான் இதில் அருமையான பாதை. வண்டி அகலம், இரண்டு பக்கமும் பனை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடி பள்ளத்தில் வயல். மடை வரும் இடத்தில் கரை மேடேறும், கலுங்கு வரும் இடத்தில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கியர் எதற்கென்று புரியும். வளைந்து வளைந்து போகும் கரைகளைப் பெரும்பாலும் போட்டது ராஜாக்களோ ஜமீன்களோ ஊர்க்காரர்களோ, போட்டது தண்ணீருக்காக. சைக்கிளுக்கு அது பெரிய உபகாரமாக அமைந்துவிட்டது.

ஒரே எதிரி சீமைக் கருவேல முள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயராக இருந்தாலும் அதற்குப் பாகுபாடு கிடையாது. முதல் மாதத்தில் நாலு பஞ்சர். “இதுக்கு நம்ம பழைய வண்டியே தேவலாம் அண்ணாச்சி” என்று சிரித்த பஞ்சர் கடைக்காரர்தான், டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே பழைய ட்யூபை வெட்டி இன்னொரு சுற்று வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து பிரச்னை குறைந்தது.

பழைய வண்டி என்றதும் ஒரு விஷயம். மலை சைக்கிள் என்ற ஜாதியே பழைய வண்டியில் பிறந்ததுதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் உருட்டிவிட்டார்கள். 1976-ல் அங்கே பந்தயமே தொடங்கியது. இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர பிரேக் சூடாகி, உள்ளே போட்ட கிரீஸ் புகையாகப் போய்விடுமாம். திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கும் ‘ரீபேக்’ என்றே பெயர். நம் ஃபிட்டருக்கு இந்தக் கதையைச் சொன்னது 13 வயது பேத்தி.

பேத்தி மே மாத லீவுக்கு வந்தாள். யூடியூபில் மணாலி மலையில் சைக்கிள் குதிப்பதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவள். வீட்டு வாசலிலிருந்தே மலை தெரிகிறது, கையில் மலை சைக்கிளும் இருக்கிறது. அப்புறம் என்ன?

“தாத்தா, மேல ஏறலாம்.”

சீட்டை இறக்கி அவளுக்குக் கியர் சைக்கிள். தாத்தாவுக்கு மில் காலத்துக் கறுப்புச் சைக்கிள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே இருக்கும் செண்பகத்தோப்புக்குப் போனார்கள். வனத்துறை செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள்.

“ஐயா, சைக்கிளுக்கு உள்ள அனுமதி இல்லீங்க” என்றார் காவலர், மரியாதையாகத்தான்.

பேத்தி முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு தூரம் மிதித்து வந்தது ஒரு கேட்டைப் பார்க்கவா?

அங்கே கேட் இருப்பதற்குக் காரணம் உண்டு. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பாற்ற 1988-ல் இந்தக் காடு சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. இந்தியாவில் 51-வது, தமிழகத்தில் ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். யானை, சிறுத்தை, புலி எல்லாம் உண்டு. சத்தமில்லாமல் வளைவில் வந்து நிற்கும் சைக்கிளைப் பார்த்து யானை என்ன நினைக்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

தாத்தா இதையெல்லாம் சொல்லவில்லை. செக்போஸ்ட்டுக்கு வெளியே பேத்தியை உட்கார வைத்து வேறு கணக்குச் சொன்னார். “தாயி, நம்ம வீட்டுக் குழாயில வர்ற தண்ணி எங்கேர்ந்து வருது? அய்யனார் கோயில் ஆத்துலருந்து ஆறாம் மைல் தேக்கத்துக்கு வந்து, அங்கேர்ந்து நமக்கு வருது. ஆறு எங்கேர்ந்து வருது? இந்தா, இந்தக் காட்டுலருந்து. நாம வந்த கம்மாக்கரை எல்லாம் இந்த மலைத் தண்ணிக்குக் காத்துக் கிடக்குறதுதான். எல்லாரும் மேல ஏறிட்டா கீழ எதுல சைக்கிள் விடுவ?”

அவள் முழுசாகச் சமாதானமாகவில்லை. திரும்பும் வழியில், ஒரு மாந்தோப்பு ஓரத்தில் உச்சிக் கிளையில் இலையும் சுள்ளியுமாகக் கட்டிய பெரிய கூட்டைத் தாத்தா காட்டினார். மலை அணில் கூடு. இருபது நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணில் வரவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அவளே தாத்தாவை எழுப்பினாள்.

அந்த மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் ஆறு முறை. ரத வீதிகளில் ஒரு சுற்று, திருமலை நாயக்கர் மகால் வாசலில் ஒரு நிறுத்தம், திருமுக்குளக் கரையில் இட்லி. தமிழக அரசுச் சின்னத்தில் இருக்கும் கோபுரம் இதுதான் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மைல் கணக்கு வேண்டாம், 11 நிலைக் கோபுரம் தோப்புக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பதை வைத்தே பேத்தி தூரம் சொல்லப் பழகிவிட்டாள்.

இன்னும் பெரிய பாதை பாக்கி இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் பக்கமாக வத்திராயிருப்பு, கூமாபட்டி, பிளவக்கல் அணை. 2025 ஜூனில் ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு ஊர்ப்பட்ட பேர் கூமாபட்டிக்கு வண்டி கட்டி வந்தார்கள். கோடையில் அணையில் தண்ணீர் எங்கே இருக்கும்? வடகிழக்குப் பருவமழை பெய்து, கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுகால் பாயும்போது, கார்த்திகைக்கும் தைக்கும் நடுவே போக வேண்டிய ஊர் அது. நடவு முடிந்த வயலைச் சைக்கிள் வேகத்தில்தான் பார்க்க முடியும். போகிறவர்கள் சூரியன் சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அடிவாரத் தோப்புகளுக்கு ராத்திரியில் யானை இறங்குகிறது. தென்னங்குருத்துக்கும் மாம்பழத்துக்கும் வருகிற யானையோடு விவசாயிகள் படுகிற பாடு தனிக் கதை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையிலேயே இரண்டு இடத்தில் வண்டிப்பாதையை ஒட்டி மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கல் முளைத்துவிட்டது. அந்த இடம் வந்தால் தாத்தா பேசாமல் மிதிக்கிறார். இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தப் பாதை கிடைக்கும் என்று பேத்தி கேட்டதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள், பேத்தி தன் போனில் பதிவான பாதையை அப்பாவுக்கு அனுப்பினாள். மலையோரமாக நெளிந்து போகும் ஒரு நீலக்கோடு. உடனே போன் வந்தது.

“ஹைவேல எவ்வளவு தூரம்பா போறீங்க?”

“ஊருக்குள்ள ஒரு எடத்துல குறுக்க கடக்குறோம். அதுவும் எறங்கித் தள்ளிட்டு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சுகர் எவ்வளவு இருக்கு?”

“கொறஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். உங்கம்மாகிட்டயே கேளு.”

அம்மா அப்போது பால்கோவா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் சரக்கு. பேத்திக்கு ஒரு கரண்டி, தனக்கு அரைக் கரண்டி, தாத்தாவுக்கு விரல் நுனியளவு.

“பொங்கலுக்கு நாலு நாள் லீவு போடுறேன்பா” என்றான் மகன். “பிளவக்கல் போலாம். என் சைக்கிளைக் கொஞ்சம் சர்வீஸ் பண்ணி வைங்க.”

“எது, உன் சைக்கிளா?” என்றார் தாத்தா.