இறுகிய சுக்கான்

கயாக் என்னும் சிறு தோணியை வடதுருவத்தை அடுத்து வாழும் இனுவிட் மக்கள் கடல் வேட்டையின் பொருட்டுத் தோலாற் சமைத்தனர். அதற்குச் சுக்கான் இல்லை. உடலை ஒருபுறஞ் சாய்த்தும் துடுப்பை வீசியுமே அவர்கள் திசை திருப்பினர். இதுபற்றியே, சுக்கான் வைத்த கயாக்கில் ஏறுவோரைச் சிலர் எள்ளுவதுண்டு. அவ்வெள்ளல் எமக்கு உடன்பாடன்று. பிளாஸ்டிக்காற் செய்த இக்காலத் தோணிகளிற் பல, காற்றுக் குறுக்கே வீசுங்கால், காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும் இயல்புடையன. சுக்கான் இல்லையேல் அதனைத் தடுக்க ஒரு பக்கத்துத் தோளே ஓயாது உழைத்தல் வேண்டும். எம் மூவருள் ஒருவருக்கு இடத்தோள் முன்னொரு விபத்தில் முறிந்து தேறியது. முட்டுக்காட்டுக் கழியில் அவர் எம்முடன் தோணி ஏறுவதற்குச் சுக்கானே துணையாயிருந்தது. ஆதலின், சென்ற கோடையில் அச்சுக்கான் இறுகிப்போனமை எமக்குச் சிறிய காரியமாகத் தோன்றவில்லை. தோணியை விற்றுவிடலாம் என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

சுக்கானின் அமைப்பு எளியதே. அமர்ந்திருப்பவர் காலடியில், இருமருங்கும், பள்ளத்தில் முன்பின்னாக நகரும் மிதிகட்டைகள் இரண்டு உண்டு. அவற்றினின்று இரு கம்பிவடங்கள் குழாய்களினூடே பின்முனைக்குச் சென்று சுக்கானின் இருபுறமும் பிணைந்திருக்கும். மிதிவண்டியின் பிரேக் கம்பியை ஒத்த ஏற்பாடு என்னலாம். வலக்காலை அழுத்தினால் வலவடம் இழுபடும். சுக்கான் வலப்புறம் திரும்பும். இடமிதி நம்மை நோக்கிப் பின்வரும். எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தலால், எவ்விடத்தில் இறுகினும் இரு கால்களும் அதனை உணரும். எவ்விடம் என்பதை மட்டும் கால் அறியாது.

எண்ணெய் விடுக என்றார் ஒருவர். ஓங்கி மிதித்தால் இளகும் என்றார் மற்றொருவர். கரையில் வலை பழுதுபார்த்திருந்த முதிய மீனவர் ஒருவர்தாம், "தம்பிமாரே, இறுகினது சுக்கானா, வடமா?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை தேடுவதே வழியென்று துணிந்தோம்.

முதலில் வடமிரண்டையும் சுக்கானினின்று கழற்றிவிட்டுப் பலகையை விரலால் திருப்பினோம். தடையின்றித் திரும்பிற்று. சுழலும் இடத்துத் திருகாணியை அளவுக்குமேல் முடுக்கியிருந்தாலோ, அதன் நைலான் வாஷர் நசுங்கியிருந்தாலோ இங்ஙனம் திரும்பாது. ஆகவே சுக்கான் குற்றமற்றது. பின்னர் மிதிகட்டைகளை வடத்தினின்று பிரித்து நகர்த்தினோம். பள்ளத்தில் மணல் நறநறத்தது. நன்னீர் வார்த்துக் கழுவியவுடன் வழுக்கிச் சென்றன. எஞ்சியவை வடங்கள். இடவடத்தைக் கையால் இழுக்க எளிதில் வந்தது. வலவடமோ நாலு விரற்கடை வந்து நின்றது. விட்டுப் பிடித்து இழுக்க மீண்டும் நாலு விரற்கடை வந்தது.

முழுதும் உருவியபோது காரணம் புலனாயிற்று. அவ்வடம் ஒன்றரை மில்லிமீட்டர்ப் பருமனே உடையது. 7 புரிகளும் புரிக்கு 7 இழைகளுமாக முறுக்கியது. குழாய் பின்முனையில் வெளிப்படும் வாயிலருகே அவ்விழைகளுள் இரண்டு அற்று, மீன்முள்போல் நிமிர்ந்து குழாயின் உட்சுவரைக் கீறிக்கொண்டிருந்தன. துருப்பிடியா எஃகு ஏன் அற்றதென்று வியப்பார் உளர். அதனைக் காப்பது குரோமியத்தால் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய படலம். அது சிதைந்தவிடத்துப் புதுப்பித்துக்கொள்ள உயிர்வாயு வேண்டும். குழாயினுள் உப்புநீர் தேங்கி நிற்கும் இடுக்கிலோ உயிர்வாயு குறைவு. அங்கே எஃகு புள்ளி புள்ளியாய் அரிக்கப்படும். மேலும் அவ்வலக்குழாய், பின்னறையில் யாரோ திணித்த மூட்டையால் நெளிந்தும் இருந்தது. குழாய் எத்துணை வளைகிறதோ அத்துணைக்கும் உராய்வு பெருகும். அதுவும் கூட்டுவட்டிபோற் பெருகும்.

மிதிவண்டிக் கடையின் கம்பியே போதும், மலிவு என்றனர். துத்தநாகம் பூசிய அக்கம்பி உப்புநீரில் நெடுநாள் நில்லாது. ஆதலின் அதே பருமனுள்ள துருப்பிடியா எஃகு வடமே வாங்கினோம். குழாயை வெந்நீரால் அலசி, நெளிவை நிமிர்த்தி, உலரவிட்டு, சுக்கானை நேராக நிறுத்தி, இரு மிதிகளையும் ஒரே நிரையில் வைத்தபின்னரே வடங்களைப் பூட்டினோம். இத்துணையில் அரைநாள் சென்றது. அதிற் பெரும்பகுதி நெளிவை நிமிர்த்துவதிலேயே கழிந்தது. எண்ணெய் விடவில்லை. எண்ணெய் மணலைப் பற்றிக் குழம்பாக்கி, அரம்போல் அராவும். உலர்ந்தபின் பிசுக்கில்லாத சிலிக்கோன் மசகு சிறிது தெளித்ததே போதுமாயிருந்தது.

மறுவாரம் பிற்பகலிற் கடற்காற்று எழுந்தபின் தோழர் தோணியைத் தாமே எடுத்துச் சென்றார். காற்றுக்குக் குறுக்காக அவர் போகையில், இருபுறத்துத் துடுப்பும் ஒத்த அளவாய் எழுந்து வீழ்வதைக் கரையினின்று கண்டோம். திரும்பி வந்தவர் தோளைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மிதிகள் தமக்கு ஒரு விரற்கடை எட்டத்தில் இருக்கின்றன என்றார். ஸ்பானரை எடுத்து அவற்றை அருகே கொணர்ந்து கொடுத்தோம்.