மேய்ச்சல் வெளிக்குச் சென்ற பள்ளி

அஷ்டவிநாயக யாத்திரை செல்லும் அன்பர்கள் முதலில் தரிசிப்பது, புணே மாவட்டத்து மோர்காவ் தலத்தில் எழுந்தருளியுள்ள மயூரேசுவரரை. அந்த ஊரில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர் அனுதாயி வாக். பதின்மூன்று வயதில் திருமணம். சில மாதங்களிலேயே கைம்மை. அக்காலத்தில் அத்தகைய சிறுமிக்கு வீட்டின் பின்கட்டே உலகமாகிவிடும் என்பதை, தம் இல்லங்களில் அத்தைமார்களையும் பாட்டிமார்களையும் கண்டவர்கள் நன்கறிவர். அனுதாயியோ படித்தார், ஆசிரியை ஆனார், புணே நகரப் பள்ளியொன்றில் நிலையான ஊதியத்துடன் பணியாற்றினார்.

1945இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், அந்தப் பணியை விட்டுத் தாராபாய் மோடக் அம்மையாருடன் போர்டி என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சென்றார். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் இணைந்து குழந்தைக் கல்வியில் உழைத்தவர் தாராபாய். நகரத்து வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே கிட்டிய அக்கல்வி, கிராமத்து ஏழைக் குழந்தைக்கும் கிட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1950களின் பிற்பகுதியில் இருவரும் தஹாணு வட்டத்திலுள்ள கோஸ்பாட் குன்றில் குடியேறினர்.

அது வார்லி பழங்குடி மக்கள் வாழும் காட்டுப் பகுதி. 'பாடா' எனப்படும் சிறு குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று விலகிச் சிதறிக் கிடக்கும். நம் பெண்கள் மாக்கோலம் இடுவதுபோல, அரிசி மாவைக் கரைத்து மண்சுவரில் அழகிய சித்திரம் தீட்டுபவர்கள் அம்மக்கள். ஆயினும் அவர்களை வறுமை விடவில்லை. திருமணச் செலவுக்குப் பெற்ற கடனுக்கு ஈடாக, ஆண்டுக்கணக்கில் நிலவுடைமையாளரிடம் உழைத்தவர்கள் அவர்களில் பலர். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் படித்தறிய இயலாதவருக்கு அந்தக் கடன் ஒருநாளும் தீராது. எனவே, அங்கே எண்ணும் எழுத்தும் வெறும் படிப்பன்று. ஒரு குடும்பத்தின் விடுதலை.

ஆனால் பள்ளிக்குப் பிள்ளைகள் வர வேண்டுமே! பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அனுதாயியும் தாராபாயும் அவ்வாறு சொல்லவில்லை, காரணத்தைத் தேடினர். தாய் கூலிக்குப் போனால் கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பவள் அக்காள். மாடு மேய்ப்பவன் அண்ணன். அவர்கள் பள்ளிக்கு வந்துவிட்டால் அன்றைய வீட்டு வேலையே நின்றுவிடும். பிள்ளை வர இயலாவிடில், பள்ளி போக வேண்டியதுதான் என்று இருவரும் முடிவு செய்தனர்.

காலையில் ஆசிரியை குடியிருப்பு நோக்கி நடப்பார். குடிசை முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டுவார். அங்கே முதல் பாடம் அகரம் அன்று, தண்ணீர். முகம் கழுவி, குளிப்பாட்டி, தலைவாரி, நகம் வெட்டுவார். அதைப் பார்த்து நிற்கும் தாய்க்கும் அதுவே பாடம். பிறகு பாட்டும் கதையும் தொடங்கும். எண்ணுவதற்கு விதைகளும் கூழாங்கற்களும். வடிவம் அறிய இலைகள். நிறம் அறியப் பூக்கள். விலை கொடுத்து வாங்கிய பொருள்கள் அரிது; காடே பண்டசாலை. மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். 1975 முதல் நாடெங்கும் தோன்றிய அங்கன்வாடிகளுக்கு இந்த முற்றத்துப் பள்ளி ஒரு முன்னோடி.

மாடு மேய்க்கும் சிறுவர்களை நாடிப் பள்ளி மேய்ச்சல் வெளிக்கே சென்றது. மாடுகள் ஒருபுறம் மேய, மரநிழலில் பாடம் நடக்கும். கோஸ்பாட் குன்றிலோ, கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தன. தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அக்காள் அடுத்த அறையில் எழுதப் பழகினாள். அவள் இடுப்புச் சுமையை இறக்கிவைத்த பின்னரே அவள் கையில் பலகையைக் கொடுத்தனர்.

திருவிழாக் காலத்தில் உற்சவமூர்த்தி ஏன் வீதிக்கு எழுந்தருளுகிறார் என்று பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு. சன்னிதிவரை வர இயலாத முதியோருக்கும் நோயாளிக்கும், அவரவர் வாசலிலேயே தரிசனம் தருவதற்காக என்று நாம் சொல்கிறோம். கோஸ்பாட் காட்டின் ஒற்றையடிப் பாதைகளில் நாள்தோறும் நிகழ்ந்ததும் அத்தகையதே.

தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1973இல் அவர் மறைந்த பிறகும் அனுதாயி குன்றைவிட்டு இறங்கவில்லை. 1984இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. 1992இல் மறையும்வரை, நாற்பத்தேழு ஆண்டுகள் அக்குழந்தைகளுக்காகவே வாழ்ந்தார். இளமையில் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊரார் எண்ணிய ஒரு பெண்ணை, 'அனுதாயி' என்று அழைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 'தாயி' என்றால் மராத்தியில் அக்காள். தம்பி தங்கையரைச் சுமந்து களைத்த வார்லிச் சிறுமிகளுக்கு, அவர்களையும் சுமக்க ஓர் அக்காள் கிடைத்தாள்.