வலித்தால் சொல்லுங்கள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மாடு வளர்த்தவர்களுக்குத் திரவ நைட்ரஜன் புதிதல்ல. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான குச்சிகளைப் போட்டு வைத்திருக்கும் குடுவையைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியுமே, அதுதான். மைனஸ் 196 டிகிரி குளிர். தோல் மருத்துவர்கள் மருவைக் கருக்குவதற்கும் அதையே பீய்ச்சுகிறார்கள்.

சென்ற ஆண்டு என் புறங்கை மருவுக்கு அப்படிச் செய்தார்கள். முதலில் சில்லென்றது. சில விநாடிகளில் தேள் கொட்டியதுபோல் எரிந்தது. நிறுத்திய பிறகு, உறைந்த இடம் இளகும்போது விண்விண்ணென்று தெறித்தது. கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. மறுநாள் கொப்புளம் வந்தது, உடைக்காமல் விட்டேன். இரண்டு வாரத்தில் காய்ந்து உதிர்ந்தது.

எனக்கு முன்னால் போனவர் ஒரு விவசாயி, என் வயதுதான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடவில்லை. மருத்துவர், "வலிச்சா சொல்லுங்க ஐயா. விட்டு விட்டுச் செய்யலாம்" என்றார். "வெயில்ல வெந்த உடம்புங்க, தாங்கும்" என்றார் இவர்.

வெயிலைத் தாங்க உதவியது தோலில் உள்ள நிறமிதான். ஆஸ்திரேலியாவில் வெள்ளைத்தோல்காரர்களுக்கு வயதான காலத்தில் முகத்திலும் கையிலும் வெயிலால் சொரசொரப்பான செதில்கள் வரும். சில புற்றுநோயாக மாறும் என்பதால் அவற்றையும் இப்படித்தான் உறைய வைக்கிறார்கள். நம்மிடம் அது அபூர்வம். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு மட்டும் அந்தக் காவல் கிடையாது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் அவர்களுக்குத் துணை.

ஆனால் வெயிலைத் தடுக்கும் அந்த நிறமிச் செல்கள் குளிருக்கு முதலில் சாகும். மைனஸ் 5 டிகிரியே அவற்றுக்குப் போதும்; தோலின் மற்ற செல்கள் சாக மைனஸ் 20க்கும் கீழே போக வேண்டும். அதனால் நம் தோலில் அளவு மீறினால் வெள்ளைத் தழும்பு நின்றுவிடலாம். தாங்கிக்கொண்டால் கூடுதல் குணம் கிடைக்கும் என்பதில்லை.

நம் வயதுக்காரர்கள் வலியைச் சொல்வதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறோம். மருத்துவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த வலி தெரியாமலே போகும். புண்ணும் சீக்கிரம் ஆறாது. அவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.