தணிகை மார்க்கத்தில் பட்டறைப் பாடம்

சென்னையிலிருந்து திருத்தணிகைக்கு ரயில் மார்க்கமாகச் சுமார் 80 கிலோமீட்டர் தூரம். காவடி எடுப்போரும், முடியிறக்கக் குழந்தையைத் தூக்கிச் செல்வோரும், சும்மா காற்று வாங்கக் கிளம்புவோரும் அந்த வண்டியில் கலந்திருப்பார்கள். அரக்கோணம் தாண்டியதும், "அதோ மலை!" என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். நியாயந்தான். ஆனால் மலை கண்ணில் படுவதற்கு முன்னால், இதே மார்க்கத்தில் வேறொரு வரிசை ஸ்தலங்கள் இருக்கின்றன. அங்கே தூபமும் இல்லை, தீபமும் இல்லை. இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்குமே பிரசாதம். நேயர்கள் அவற்றையும் ஒரு முறை மனத்தினாலாவது தரிசித்துவிட்டுத் தணிகைக்குப் போகலாமென்பது என் விண்ணப்பம்.

முதல் ஸ்தலம் பெரம்பூர். அந்த ஊர் நிலையத்தை அடுத்து, 'பெரம்பூர் காரேஜ் ஒர்க்ஸ்' என்றொரு நிலையம். அதை அடுத்து 'பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்' என்று இன்னொன்று. தெய்வத்தின் பெயரும் மரத்தின் பெயரும் தாங்கிய ஊர்கள் நிறைந்த தமிழ் நாட்டில், பட்டறையின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையங்கள் இவை. தென்னிந்தியாவில் முதல் பயணி ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி. பெரம்பூர்ப் பட்டறை ஏற்பட்டதும் அதே 1856-ஆம் ஆண்டில்தான். இந்த ஒற்றுமையைச் சற்றே சிந்திக்க வேண்டும். வண்டியை ஓட்ட முற்பட்டவர்கள், அது நின்று போனால் சரி செய்யும் இடத்தையும் உடனே ஏற்படுத்தினார்கள். ஓட்டமும் பழுதும் இரட்டைப் பிள்ளைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்நாளில் மேல் உத்தியோகங்களில் வெள்ளையர் அமர்ந்திருந்தார்கள். சுத்தியும் அரமும் பிடித்த கைகளோ நம்முடையவை. அந்தக் கைகள் கற்றுக்கொண்டதுதான் நமக்கு மிஞ்சிய பெருஞ்சொத்து.

சொத்து வீண் போகவில்லை. சுதந்திரம் வந்த எட்டே ஆண்டுகளில், 1955-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி தினத்தில், பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். 2018-ஆம் ஆண்டில் முதல் 'வந்தே பாரத்' வண்டி உருவானதும் அதே தொழிற்சாலையில்தான். புதிய பெட்டி வெளிவரும் நாளில் மாலையும் மேளமும் உண்டு. பத்திரிகைகளில் படமும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டி ஊர் ஊராய் ஓடித் தேய்ந்து, குறித்த காலத்தில் பட்டறைக்குத் திரும்பும்போது, சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைச் சோதித்து, பேரிங்கைத் துடைத்து மறுபடி பூட்டும் மனிதனுக்கு யார் மாலை போடுகிறார்கள்?

வண்டி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும், டாங்கி செய்யும் ஆவடியையும் கடந்து, நடராஜப் பெருமானின் ரத்தின சபையான திருவாலங்காட்டின் வழியே அரக்கோணம் வந்து சேருகிறது. இங்கே மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் ஷெட் ஒன்றும், ரயில்வேயின் பொறியியல் பட்டறை ஒன்றும் இருக்கின்றன. ஊருக்கு அருகே, 1992-ஆம் ஆண்டில் தொடங்கிய கடற்படையின் விமான தளமும் இருக்கிறது. எஞ்சினானால் என்ன, விமானமானால் என்ன? குறித்த நாளில் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, கையெழுத்திட்ட பிறகே புறப்பட அனுமதி. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பல வருஷத்துக் கைப்பழக்கம் இருக்கிறது.

அந்தப் பழக்கம் எப்படி வருகிறது? 1950-ஆம் ஆண்டில் சர்க்கார் ஆரம்பித்த கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தொழிற்சாலைகளிலேயே பழகுநராகச் சேர்ந்து கற்கவும் வழி பிறந்தது. பிட்டர் தொழிலுக்கு நிலையத்தில் இரண்டு வருஷம். யந்திரங்களை உடனே தொட்டுப் பார்க்கலாமென்று ஆசையோடு வருகிற பையனுக்கு ஓர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கொடுத்து, "இதைச் சமமாக்கு" என்கிறார்கள். அவ்வளவுதான்! முதல் வாரத்தில் உள்ளங்கை கொப்புளிக்கும், தோள் வலிக்கும். அவன் ராவிய முகமோ நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிந்தும் இருக்கும். அரம் முன்னால் போகும்போது இரு கைகளின் பாரமும் மாறிக்கொண்டே வர வேண்டும். இதை எந்தப் புஸ்தகமும் கையில் கொண்டு வந்து வைக்காது.

மூலைமட்டத்தை அந்த இரும்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார்கள். இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே பள்ளம். இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமானால், சமதளத் தட்டில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, அதன் மேல் துண்டைத் தேய்க்கிறார்கள். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மேடு. அதை மட்டும் ராவி, மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு மைக்ரோமீட்டர் என்னும் அளவுகோல். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி, அதில் ஒரு பங்கை அது காட்டும். நம் தலைமயிரின் கனம் அப்படிப்பட்ட ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இருக்கும் என்றால் நேயர்கள் பார்த்துக்கொள்ளலாம்! சாதாரண இரும்புத் துண்டு அந்தப் பையனுக்குப் பொய் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறது. 'ஏறக்குறையச் சரி' என்ற பேச்சு அங்கே எடுபடாது. நீலச் சாயம் காட்டிக் கொடுத்துவிடும்.

பழுது பார்ப்பதோ அதற்கும் மேற்பட்ட படிப்பு. அதற்கு வைத்தியனைப் போல நாடி பிடிக்கத் தெரிய வேண்டும். அநுபவசாலி ஒருவர் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங் பெட்டியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். சீரான ரீங்காரமானால் சௌக்கியம். கரகரப்பானால் நாள் நெருங்கிவிட்டது. பட்டை இறுகினால் பேரிங் கெடும், தளர்ந்தால் வழுக்கும். கிரீஸ் குறைந்தாலும் சூடேறும், கூடினாலும் சூடேறும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியைப் பட்டறையில்தான் கண்கூடாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு விதி உண்டு. யந்திரத்தில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டி வைக்க வேண்டும். இந்த விதியை மறந்தவர்களின் விரல்கள் திரும்பி வருவதில்லை.

இந்த வித்தைக்குத் திருத்தணியைச் சுற்றிலும் தேவை ஏராளம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவு ஊர்களில் விசைத்தறிகளின் ஓசை கேட்கும். ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியிலும் அதே ஓசைதான். பாவு நூல் இரண்டாகப் பிரிந்து வழி விடும் கணத்தில் நாடா பாய வேண்டும். கணம் தவறினால் நாடா பாவிலே சிக்கி, நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து போகும். அன்றையக் கூலியும் போகும். தறி மேஸ்திரி வந்து இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, சற்றே திருப்பி, மறுபடி முடுக்குகிறார். தறி ஓடுகிறது; அடுப்பும் எரிகிறது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, ம. பொ. சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி தமிழ் நாட்டோடு சேர்ந்தது. ஆயினும், நின்று போன தறிக்கு மேஸ்திரியைத் தேடுகிறவன் அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று விசாரிப்பதில்லை. தமிழும் தெலுங்கும் பேசும் கைகள் ஒரே ஸ்பானரைத்தான் பிடிக்கின்றன.

இனி மலைக்கு வருவோம். வருஷத்தின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்பார்கள். ஒரே தாவலில் உச்சிக்குப் போனவர் யாரும் இல்லை. அசுரரோடு பொருத கோபம் முருகனுக்குத் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர். ஆகையினாலேயே கந்த சஷ்டியில் மற்ற ஸ்தலங்களைப் போல இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை, புஷ்பாஞ்சலிதான். பட்டறைக்காரனுக்கும் இது தகுந்த ஸ்தலமென்றே எனக்குத் தோன்றுகிறது. திறக்க மறுக்கும் துருப்பிடித்த நட்டிடம் கோபத்தைக் காட்டினால் மரைதான் போகும். எண்ணெய் விட்டு, காத்திருந்து, மெல்லத் தட்டித் திருப்புகிறவனுக்கே அது இளகும்.

மலையின் கீழுள்ள இவ்வூர்தான், 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணனை நமக்குத் தந்தது. அவருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். பள்ளி உபாத்தியாயருக்கும் கல்லூரிப் பேராசிரியருக்கும் அன்று பூச்செண்டு கிடைக்கிறது. அரத்தை எப்படிப் பிடிப்பதென்று கற்றுக்கொடுத்த மேஸ்திரியை அன்று யாராவது நினைக்கிறார்களா? 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் மகாத்மா வற்புறுத்தியது, கைத்தொழிலின் மூலமாகவே கல்வி நடக்க வேண்டுமென்பதை. ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் கூடிய பல்கலைக் கழகக் கமிஷனும் கிராமப் பல்கலைக் கழகங்கள் வேண்டுமென்று சிபார்சு செய்தது. அவர்கள் சொன்னதைப் பாராட்டி மேடையில் பேசுகிறோம். வீட்டுக்கு வந்ததும், "எண்ணெய்க் கையோடு திரிவதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று பையனைக் கேட்கிறோம். பெண்ணானால் அந்தக் கேள்விகூட எழுவதில்லை. பட்டறை வாசலையே அவளுக்குக் காட்டுவதில்லை. சுத்திக்கும் ஸ்பானருக்கும் ஆயுத பூஜை அன்று சந்தனம் வைக்கிறோம். மறு நாள் அவற்றைப் பிடிக்கும் கைக்கு மரியாதை வைக்க மறக்கிறோம்.

இதன் பலனை நாமேதான் அநுபவிக்கிறோம். பம்பு நின்றால் பட்டம் பெற்றவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கை வைக்க ஆள் இல்லை. யந்திரத்தை வாங்கப் பணம் போதும். அதை இருபது வருஷம் ஓட வைப்பதற்கு மனிதன் வேண்டும். அந்த மனிதனை விலைக்கு வாங்க முடியாது. இரும்புத் துண்டுகளைப் பாழாக்க அனுமதித்து, பொறுமையோடு வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆடிக் கிருத்திகை அன்று லக்ஷக்கணக்கான ஜனங்கள் தணிகை மலை ஏறுகிறார்கள். விசேஷ ரயில்கள் நேரத்தில் வர வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். இரவெல்லாம் படிகளில் விளக்கு எரிய வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதற்குக் காரணமானவர்களைப் பற்றி யாருமே பேச மாட்டார்கள். அந்த மௌனம்தான் அவர்களுடைய தொழிலுக்குச் சரியான சான்று. அடுத்த முறை தணிகைக்குப் போகும் நேயர்கள், பெரம்பூரைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பார்க்கட்டும். வீட்டில் கடிகாரத்தையும் மிதிவண்டியையும் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கும் குழந்தை ஒன்று இருந்தால், அதற்கு ஒரு நல்ல அரமும் நல்ல மேஸ்திரியும் தேடிக் கொடுக்கட்டும்.