தாம்பரம் குடிசைக்கு அப்பால்

கடற்கரை நிலையத்தில் மின்ரயில் ஏறினால் எழும்பூர், மாம்பலம், கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்து, சானடோரியத்தை அடுத்துத் தாம்பரம். 1931 முதல் மின்ரயில் ஓடும் தடம் இது. நடைமேம்பாலம் ஏறி மேற்குப் பக்கம் இறங்கினால் பூக்கூடைகள், ஷேர் ஆட்டோக்காரர்களின் கூவல், மூட்டையோடு வெளியூர் பஸ்ஸுக்கு நிற்கும் குடும்பங்கள். இந்தத் தாம்பரத்தில்தான் கம்யூனிஸ்டுத் தலைவர் ப. ஜீவானந்தம் குடிசையில் வாழ்ந்தார். பள்ளி விழாவுக்கு வந்த முதலமைச்சர் காமராசர் கூப்பிட்டும், இருந்த ஒரே வேட்டி காயும்வரை ஜீவா காத்திருந்தார் என்றொரு கதை சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அந்த ஈர வேட்டி ஜீவாவின் மூளையை மறைத்துவிட்டது என்பதே என் வாதம்.

எளிமையே அவருடைய அரசியல்தானே என்று கேட்கலாம். மறுக்கவில்லை. ஆனால் வறுமையில் வாழ்ந்த கம்யூனிஸ்டுத் தோழர்கள் எத்தனையோ பேர். ஜீவா செய்த காரியம் வேறு. ருஷ்யாவில் லூனசார்ஸ்கி என்றொரு புரட்சிக்காரர் இருந்தார். 1917 முதல் 1929 வரை கல்வித் துறை மக்கள் ஆணையர். மாஸ்கோ சண்டையில் பழைய தேவாலயங்கள் தகர்ந்தன என்று கேள்விப்பட்டதும் பதவியையே உதறியவர் (பிறகு திரும்பி வந்தார்). போல்ஷோய் அரங்கை மூடும் பேச்சு எழுந்தபோது குறுக்கே நின்றவர். பழைய கலை உழைப்பவனுக்கும் சொத்து என்பது அவர் கட்சி. அதையே தமிழில் ஜீவா செய்தார். லூனசார்ஸ்கியின் கையில் அரசாங்கம் இருந்தது. இவருக்கு மேடையும் தொண்டையும் மட்டுமே. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கிச் சிறை போனவரே, கம்பனைக் கொளுத்தலாமா என்று 1943-இல் விவாதம் நடந்த நாட்டில், தொழிலாளர் முன்னால் கம்பனைச் சொல்லி முழங்கினார். பாரதி பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று வாதாடினார். 1949-இல் அரசு அந்தப் பாடல்களின் உரிமையை வாங்கியது.

பக்திக் காவியத்தைத் தூக்கிப்பிடித்தது சமரசம் இல்லையா? கடுமையான கேள்விதான். கம்பனை விட்டுக்கொடுத்தால் அவன் பழமைவாதிகளின் தனிச்சொத்தாகிவிடுவான் என்பதையும் எண்ண வேண்டும். மதத்தை ஏற்காமலே மொழியின் உச்சத்தை உரிமை கொண்டாட முடியும் என்று ஜீவா காட்டினார். 1952-இல் வண்ணாரப்பேட்டையில் வென்று சட்டமன்றம் போனவர் எந்த நாளும் மந்திரி ஆனதில்லை. அதை வைத்து அவரைத் தோற்றவர் என்பது பதவியால் மட்டும் ஆளை அளப்பதாகும். 1959-இல் ‘தாமரை’ இதழையும் 1961-இல் கலை இலக்கியப் பெருமன்றத்தையும் தொடங்கினார். 1963 ஜனவரி 18-இல் 55 வயதில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே கம்யூனிஸ்டுக் கட்சி பிளந்தது. ‘தாமரை’ அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது.